கையுறை காயும் அறை

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
இந்த வாரம் திரும்பும் என்று
சமையலறை நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறது.
எனக்கு வேறு வேலை.
பதினொரு பிள்ளைகள், இருபத்திரண்டு கையுறைகள்.
இருபத்திரண்டும் ஒன்றாக இருந்த நாளை
நான் ஐஸ்லாந்தில் இன்னும் பார்க்கவில்லை.

திங்கள்,
ஜிப்பை மேலே இழுக்கக் கற்றாள் இல்வா.
அடியில் இரண்டு பல் ஒன்றையொன்று கவ்வும்வரை
நாக்கைத் துருத்திக்கொண்டு
கால்மணி நேரம்.
மற்றவர்கள் பனியில் புரண்டு முடித்து
உள்ளே வரும்போது
அவள் வெளியே போனாள், தனியாக,
ஒரு ராணியைப் போல.

அன்றைக்குத்தான் யகோதாவும் பேசினாள்.
மீன் ஆலைக்கு வேலைக்கு வந்த
போலந்துக்காரர்களின் மகள்.
மூன்று வாரமாகத் தன் கொக்கிக்கடியில் உட்கார்ந்து
பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தவள்.
ஸ்வெர்ரிர் அவள் சிவப்பு வாளியைப் பிடுங்க,
"நேய்" என்றாள்.
இந்த ஊர்ப் பேச்சில் அவளுக்கு முதல் சொல்.
இல்லை, வேண்டாம், மாட்டேன், கூடாது
எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடக்கம்.
பிறகு நாள் முழுக்க அதையே சொன்னாள்,
பாலுக்கு, பாட்டுக்கு, தூக்கத்துக்கு,
தும்மிய எனக்கும்.

செவ்வாய் புயல். பள்ளி கிடையாது.
சோல்வியின் அப்பா படகைக் கட்டிப் போட்டுவிட்டு
பொழுதெல்லாம் வீட்டில் இருந்தாராம்.
சீட்டாட்டத்தில் எப்படி ஏமாற்றுவது,
முகத்தை எப்படி வைத்துக்கொள்வது
என்று சொல்லிக்கொடுத்தாராம்.
புதன் காலை பத்து மணிக்குள்
பதினொரு பேருக்கும் அது தெரிந்துவிட்டது.

புதன், மேசைக்கு ஒரு முழு காட் மீன் வந்தது.
செதிலைத் தடவினார்கள்.
கண்ணை ஒரு விரலால் அழுத்தினார்கள்.
"இது எப்போ எழுந்திருக்கும்?" என்றான் ஸ்வெர்ரிர்.
"எழுந்திருக்காது. இது சூப்" என்றாள் இல்வா.
பெர்க்ரோஸ் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டாள்.
மதியம் இரண்டு பேர் சாப்பிடவில்லை.
ஸ்வெர்ரிர் மூன்று கிண்ணம் குடித்தான்.

வியாழன்தான் வட்டம் போட்ட நாள்.
கண்ணாடியெல்லாம் மூக்குச் சுவடு.
சோல்வி ஸ்டூல் போட்டு ஏறி நின்றான்.
மேகம் அசையவில்லை.
அவன் இறங்கி, மஞ்சள் கிரேயானால் ஒரு சூரியன் வரைந்து
அதற்கு இரண்டு கால் வைத்தான்.
கொஞ்சம் யோசித்து, பூட்ஸும் போட்டுவிட்டான்.

வெள்ளி, மாவு கரைத்து
பான்கேக் அடுக்கி வைத்தாயிற்று.
ஒன்று இருபதுக்கு
மலையின் பிளவு வழியாக நுழைந்து
சமையலறைச் சுவரில்
ஒரு தட்டு அகலத்துக்கு விழுந்தது வெளிச்சம்.
நான்கு நிமிஷம்.
எல்லாரும் கத்தினார்கள், யாரோ பாலைக் கொட்டினார்கள்.
சோல்வி கழிவறையில் இருந்தான்.

ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு
ஓடி வந்தபோது
சுவர் வெறும் சுவர்.
நாளைக்கு வரும் என்றோம்.
நாளைக்குச் சனிக்கிழமை என்றான்.
கிழமைகளை நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.
"அது வரவே இல்லை" என்றான், அழாமல்.

"நேய்."

யகோதா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்
உள்ளங்கையை விரித்து
அந்த இடத்தில் ஒட்டவைத்து
மேலே தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.
அவன் கொஞ்ச நேரம் நின்றான்.
தலையாட்டினான்.
சூடு தெரிந்துதான் ஆட்டினானா,
செவ்வாயன்று கற்ற முகமா,
என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.
எல்லாரும் போன பிறகு நானும் தொட்டேன்.
சில்லென்றிருந்தது.

வாசலில் அவன் அம்மா கேட்டது காதில் விழுந்தது,
இந்த வாரம் என்ன கற்றுக்கொண்டாய் என்று.
"பான்கேக்" என்றான்.
கொக்கிகள் காலி.
ரேடியேட்டரின் மேல் ஒற்றை இடதுகைக் கையுறை,
கட்டைவிரல் மட்டும் இன்னும் ஈரம்.