நான்காம் கட்டத்து நீர்க்காகம்

இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு பிக்சல்.
அந்தச் சதுரத்துக்குள் ஒரு எதிரி வேண்டுமென்று
ஹம்பேர்க்கிலிருந்து மெயில் வந்தது.
பறவை மாதிரி, ஆனால் பறவை என்று சொல்ல முடியாதபடி.
தொட்டால் ஆள் சாக வேண்டும்.
மேடையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குப் போய்த்
திரும்பி வர வேண்டும்.
அவ்வளவுதான் அதன் உலகம்.

நாவற்குடாவில் எங்கள் பின்கதவைத் திறந்தால் வாவி.
வாவிக்குள் புவிராஜ் மச்சானின் வலைக்கம்புகள்.
கம்பொன்றில் நீர்க்காகம்,
நனைந்த குடையை யாரோ விரித்து மறந்துபோனது போல
இரண்டு சிறகையும் அகட்டிக்கொண்டு.
வேறெங்கும் நான் தேடவில்லை.

கொக்கிச் சொண்டுக்கு மூன்று பிக்சல்.
கழுத்துக்கு ஐந்து, வளைவதற்கு இன்னொன்று.
கறுப்பென்று நினைத்த முதுகில்
உற்றுப் பார்த்தால் அடிப்பிடித்த பித்தளையின் நிறம்.
கண் பச்சை.
நடக்க நாலு ஃபிரேம், பறக்க ஆறு, கொத்த மூன்று.
மறுகா, யாரும் கேட்காத எட்டு:
மேடை நுனியில் நின்று
சிறகு காயவைக்க.

பச்சைக் கண் வேண்டாமாம்.
உயிர் கூட்டும் குப்பிக்கு அந்த நிறத்தைக் கொடுத்துவிட்டார்களாம்.
மற்றது, இது ஏன் சும்மா நிற்கிறது?
எதிரி இளைப்பாறக் கூடாது.

கண்ணைச் சிவப்பாக்கினேன்.
எட்டையும் வெட்டிப் 'பிறகு' என்ற கோப்புறையில் போட்டேன்.
அன்றிரவு அது ஸ்கிரீனில்
நுனிக்கும் நுனிக்குமாக ஓடிக்கொண்டிருந்தது,
மாதக் கடைசியில் லீசிங்காரனுக்கு ஒளிக்கிற ஆள் மாதிரி.
தேத்தண்ணி ஊற்றப் போய் வந்தேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விடிய வாவியில் சத்தம்.
தோணிக்குள் நின்று மச்சான் கல்லெறிகிறார்.
“தண்ணிக்குள்ள கிடந்தா ஆரு பிடிக்கிற?
பறந்தா எறி படாது.
செட்டைய விரிச்சிட்டு நிக்கிற நேரந்தான்கா
இந்தச் சனியன் நம்மட கைக்கு வாற நேரம்.”
கல் கம்பில் பட்டது.
பாதி காய்ந்த சிறகோடு
தண்ணீரை உரசிக்கொண்டு போனது பறவை.

உள்ளே வந்து எழுதினேன்:
இதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது.
சிறகு விரித்து நிற்கும் எட்டு ஃபிரேமுக்குள்
அடித்தால் மட்டும்தான் சாகும்.
பத்து நிமிடத்தில் பதில்.
மூன்று ஆச்சரியக்குறி. ஐம்பது யூரோ கூட.

அதற்கு நிற்கக் கிடைத்தது இப்படித்தான்.

அனுப்ப முன்னம் சரிபார்க்க வேண்டும்,
விரிக்கும்போது அடி விழுகிறதா,
விழுந்தால் இறகு தெறிக்கிறதா என்று.
நாற்பத்தொரு தரம் அடித்தேன்.
பிழையில்லாமல் செத்தது.

அடுத்த தரம் கைபேசி அடித்ததால் விரலை எடுத்திருந்தேன்.
அது தன்பாட்டில் விரித்தது, நின்றது, மடக்கியது.
அப்போதுதான் கண்டேன்,
எட்டாவது ஃபிரேமில் கண்ணை மாற்ற மறந்திருக்கிறேன்.
பச்சை.
ஒரு செக்கனைப் பன்னிரண்டாக்கினால் அதிலொரு பங்கு.
அதற்குள் யாரும் அடித்திருப்பார்கள்.

திருத்த ஒரு சொடுக்குப் போதும்.
நேரத்தைப் பார்த்தேன்.
அனுப்பிவிட்டுப் பின்கதவால் இறங்கி
மணலை ஏதும் கிடக்கா மச்சான் என்று கேட்டேன்.

வெறும் வலையைத் தூக்கிக் காட்டினார்.
“உன்ட ஆள் திண்டிட்டுப் போயிட்டாரு.”