ரசீதின் பின்பக்கம்

சிம் லிம் ஸ்குவேர், ஐந்தாம் மாடி,
கடை மூட இருபது நிமிடம்.
சீனி போட்ட கோப்பி-ஓ குடித்துச் செத்த மடிக்கணினியைத்
துண்டில் சுற்றி ஏந்தி வந்தான் பொற்செழியன்.
துவாஸில் சாரம் கட்டுகிறவன்.

விசைப்பலகையைக் கழற்றும்வரை
மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அக்கா, இதெல்லாம் கத்துக்க
எந்தப் புத்தகம் நல்லாருக்கும்?"

ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
எவ்வளவு, எப்போது, குறைக்க முடியாதா
இந்த மூன்றுதான் இங்கே புழக்கம்.

ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதினேன்.

முதலில், உன் கணினிக்கே உரிய பழுதுக் கையேடு.
ஆசிரியர் பெயர் கிடையாது, கடையிலும் கிடைக்காது.
எந்தத் திருகாணி எத்தனை மில்லிமீட்டர் என்று
அதைவிட உண்மையாய் யாரும் எழுதவில்லை.

அடுத்து, நிரல் எழுத.
ஜூரோங் நூலகம், 005 என்று தொடங்கும் அலமாரி.
தடித்ததைத் தொடாதே. என்னிடம் ஒன்று இருக்கிறது,
ஆயிரத்து நூறு பக்கம்,
திரைக்கு உயரம் போதாதபோது கைகொடுக்கிறது.
ஒரே மாதத்தில் என்று அட்டையில் சத்தியம் செய்பவையும் வேண்டாம்.
நீல முதுகு, ஒல்லி, ஓரத்தில் குழம்புக் கறை,
அதைத் தேடு.
கறை என்னுடையது.

மின்சாரத்துக்குப் பள்ளிப் பாடப்புத்தகமே போதும்.
பிராஸ் பசாவில் பழையது மூன்று வெள்ளி.
மல்டிமீட்டர் வாங்கும்வரை
மூன்றாம் பாடத்தைத் தாண்டாதே.

அப்புறம் ஒரு முட்டை அட்டை.
புத்தகமில்லைதான், இருந்தாலும் எழுதினேன்.
முப்பது குழி. கழற்றிய வரிசையில் போட்டுக்கொண்டே போ,
கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கிப் படித்தால்
மறுபடியும் கணினி.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு.
மடிப்பில் கிழிந்த அதே ரசீது.
இரண்டாவது வரிக்குக் குறுக்கே பென்சில் கோடு.
"விசிறியை நானே தொடச்சிட்டேன், ஒரு திருகாணி மிச்சம்.
அது கெடக்கட்டும்.
அக்கா, எண்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கறது தப்பு.
சைபர்ல தொடங்கணும், ஒண்ணுல தொடங்குது,
வரிசையில மொத ஆளையே விட்டுடுது."

மூன்று முறை படித்த புத்தகம்.
ஒரு முறைகூடத் தட்டிப் பார்க்கவில்லை நான்,
சாப்பிட்டுக்கொண்டே படித்தவள்.

பிறகு தன்னுடையதைத் திறந்து காட்டினான்.
நாற்பது வரி.
கூலி, மழை, ஓட்டி என்று மாறிகளுக்குப் பெயர்.
மழைக்கு நின்ற மணி கழித்து
ஓட்டி மணி கூட்டி
மாதக் கடைசியில் ஒரே ஒரு எண்.
சம்பளச் சீட்டில் இருப்பது வேறு எண்.
ஜூலையில் நூற்று நாற்பது வெள்ளி துண்டு விழுகிறது.

தப்பு நிரலில் இருக்க வேண்டுமே என்று
வரி வரியாய்த் தேடினேன்.
அரைப்புள்ளிகள் அதனதன் இடத்தில்,
சுழற்சி சைபரில் தொடங்கி முடிய வேண்டிய இடத்தில் முடிகிறது.
முப்பத்தோராம் வரியில் அகப்பட்டது:
வேலைக்குப் போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச்
சாதாரண நாளாகக் கணக்கிட்டிருக்கிறான்.
எனக்கு நிம்மதி.
திருத்தி, ஓடவிட்டேன்.

இருநூற்று ஆறு.

பக்கத்துக் கடை வீ மிங்
இரும்புக் கதவை இழுத்து இறக்கினான்.
திரையை இருவரும் பார்த்தபடியே இருந்தோம்.

"இத மேனேஜர்கிட்ட சொல்றதுக்கு
எந்தப் புத்தகம் அக்கா?"

எந்த எண் அலமாரி என்று எனக்குத் தெரியவில்லை.
இன்னொரு ரசீதைத் திருப்பினேன்.
மனிதவள அமைச்சு, பெண்டமியர் ரோடு,
பூன் கெங்கில் இறங்கு, சீட்டுகள் எல்லாம் கையோடு,
என்று எழுதிவிட்டு
அடியில் சின்னதாக, ஞாயிறு மூடல்.

அதைத்தான் அவன் முதலில் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பணப்பையிலிருந்து அந்தத் திருகாணியை எடுத்து
மேசைமேல் வைத்தான்.
"இதையாவது போட்டு விடுங்க."

கணினியைக் கவிழ்த்தேன்.
விசிறிக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தது,
இரண்டரை மில்லிமீட்டர்.