உலரும் வரை

பெர்கனில் மழைக்கு விடுமுறை கிடையாது.
வெயில் அடித்தால்தான் என்ன ஆயிற்று என்று
ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.
இந்த ஊரில் நான்
ஊற்றுப்பேனாவோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன்,
பியானோக்களுக்குச் சுருதி சேர்க்க.
பால்பாயின்ட் இருக்கிறதே சுன்னிவா, என்பாள் தங்கை.
இருக்கிறது.
அழுத்தினால்தான் எழுதும்.
பகலெல்லாம் முறுக்கி அழுத்துகிற கை இது,
எழுதும்போதாவது சும்மா இருக்கட்டும்.

"எந்தப் பைக்கு?" என்றார் கடைக்கார ஓட்வார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
மழைக்கோட்டின் உள்பை, இடப்பக்கம்.
வலப்பக்கம் சுருதிக்கவை குடியிருக்கிறது,
அது யாருக்கும் இடம் விடாது.

முதல் ஏட்டில் நிப்பு பட்டதும் மை வேர்விட்டு ஓடியது.
எழுத்துக்கெல்லாம் மீசை.
அடுத்தது கன்னங்கரேலென்று அழகு,
முன்பக்கம் எழுதியதைப் பின்பக்கம் அப்படியே ஒப்பித்தது;
ரகசியம் தங்காத வாய்.
இன்னொன்றின் தாள் தங்கம்.
விரித்தேன், முதுகு மளுக்கென்றது.
தைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள்.
பையில் ஒரு மாதம் தாங்காது என்று
ஓட்வாரே தள்ளிவைத்தார்.

சோதனைத் தாளில் ஊரே கிறுக்கியிருந்தது.
பால், உருளைக்கிழங்கு என்று ஒரு கை.
ஒரே பெண்ணின் பெயரை ஆறு மையில் ஒரு கை.
நான் 17 என்று எழுதினேன்,
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு, எங்கள் வழக்கப்படி.
"அதென்ன பதினேழு?"

போன நவம்பர், சாண்ட்விக்கன் மேட்டில் ஒரு படிக்கட்டுச் சந்து.
மழை பழைய ஏட்டுக்குள் புகுந்து
அந்தக் கோட்டை மட்டும் நக்கிப் போயிருந்தது.
எங்கள் ஒன்றுக்கு நெற்றியில் ஒரு கொடி உண்டு;
கோடு போனால் ஏழும் ஒன்றும் இரட்டைப் பிள்ளைகள்.
பதினொன்றின் கதவைத் தட்டினேன்.
பியானோ பார்க்க வந்தேன் என்றேன்.
சூல்ஃப்ரிட் என்றொருத்தி, கையெல்லாம் மாவு,
"யார் சொன்னது?" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "வாருங்கள்" என்றாள்.

மூடியின் மேல் சலவைத் துணி, ஒரு சைக்கிள் பம்பு.
பதினான்கு வருஷமாக யாரும் தொடாதது.
நடுக் கட்டைகள் அரை ஸ்வரம் இறங்கிக் கிடந்தன.
ஒரு கம்பி அறுந்தது.
பாதி வேலையில் போன் அடித்தது, பதினேழிலிருந்து.
சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
முடித்துவிட்டே போங்கள் என்று
மாவுக் கையாலேயே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
பதினேழுக்காரர் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்.

கேட்டுவிட்டு ஓட்வார் உள்ளே போய்
தண்ணீரில் அழியாத மைப்புட்டி ஒன்று கொண்டுவந்தார்.
வேண்டாம், பேனாவை அடைக்கும் என்றேன்.
அது பாதிக் காரணம்.
ஊற்று என்று பேர் வைத்துவிட்டுத்
தண்ணீரோடு பகை எதற்கு?

கடைசியாக ஒரு சாம்பல் நிற அட்டை.
தைத்தது. படிந்து விரிகிறது. உள்ளங்கை அகலம்.
மை தாளின் மேலேயே நின்று பளபளத்தது,
உள்ளே போகவா வேண்டாமா என்பதுபோல்.
"உலர இருபது விநாடி ஆகும்,"
குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரல் அவருக்கு.
"அவசரக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்."

இருபது விநாடி.
ஆணியை முறுக்கி விட்டதும் கம்பி பொய் சொல்லும்.
நின்றுவிட்டேன் என்று காட்டிவிட்டு
மெல்ல நழுவும்.
அந்த நழுவலைக் கேட்க நான் காத்திருப்பதும்
கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான்.

இரண்டு கொடுங்கள் என்றேன்.

வெளியே கடைக் கூரையின் கீழ் நின்று
முதல் பக்கத்தில் எழுதினேன்:
சூல்ஃப்ரிட், 11. இந்த நவம்பரும்.
மூடவில்லை.
மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
பதினேழு, பதினெட்டு என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.