புள்ளிக்கு மட்டும் இரண்டு தசம் ஆறு

பெனடிக்ற் அண்ணை பெட்டியைத் தந்து
"ஒரு கிழமை அடிச்சுப் பாருங்கோ கௌதமி,
நல்லதெண்டால் நாப்பது எடுப்பன்" என்றார்.
பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபா.
ஸ்ரான்லி வீதியில் இந்த விலைக்கு
காந்தம் வைத்த விசைப்பலகை வேறெங்கும் இல்லையாம்.
வயரும் இல்லை.

காந்தம் உண்மைதானா?
விசையொன்றின் தொப்பியைக் கழற்றி
கோப்புக்கட்டிலிருந்து ஒரு குண்டூசியைக்
கிட்டக் கொண்டுபோனேன்.
ஊசி யோசித்தது. பிறகு தலைசாய்த்தது.
சரி, பெட்டியில் அச்சடித்ததில்
ஒன்றாவது பொய்யில்லை.

நான் அடிப்பது காணி உறுதிகள்.
நொத்தாரிசு அறையின் பின்மூலையில்
பதினொரு வருடம்.
கிழக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாருக்குரிய காணி,
இரண்டு பரப்பு ஐந்து குழி,
கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை.
பழைய பலகையில் ஒவ்வோர் எழுத்தும்
அடிமுட்டி, டக்கென்று
தான் வந்ததை அறிவிக்கும்.

இதில் முட்டத் தேவையில்லை.
உள்ளே எதுவும் எதையும் தொடுவதில்லை;
காந்தம் எவ்வளவு கீழிறங்கியதென்று
ஏதோவொன்று பார்த்துக்கொண்டேயிருக்கிறது.
எந்த ஆழத்தில் எழுத்தாகும் என்பதை
நானே தீர்மானிக்கலாம்.
நாலு மில்லிமீற்றர் நிலம்.
எல்லைக் கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி நடலாம்,
அயலவர் வழக்குக்கு வரார்.

முதல்நாள் பேராசையில்
தசம் இரண்டில் நட்டேன்.
விரல் வைக்க முன்னமே எழுத்து.
ஒரு பெருமூச்சுக்கு இரண்டு 'க'.
பாமினியில் புள்ளி
வலது சின்னவிரலுக்குக் கீழே;
களைத்தால் அது அங்கேதான் படுக்கும்.
கனகரத்தினம் கன்கரத்தினம் ஆனார்.
கையெழுத்திட வந்தவர்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
"பிள்ளை, இது ஆர்?"

மறுநாள் பயத்தில் மூன்றுக்கு இறக்கினேன்.
பின்னேரம் விரல்கள்
தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வந்தவைபோல் நொந்தன.

வேறு குறைகள்:
விளக்குகளைப் போட்டால் திருவிழாதான்,
ஆனால் மூன்றாம் நாளே பற்றரிக்குக் கொடியிறக்கம்.
நீளவிசை, தகரப்பேணியில் கொட்டைப்பாக்கு.
கணினியில் செருகும் குமிழ் புளியங்கொட்டையளவு;
மேசை இடுக்கில் விழுந்து
அரைமணித்தியாலம் என்னை முழந்தாளில் வைத்தது.
அமைப்புச் செயலி பாதி சீனம்,
ஊகித்துத்தான் அமத்தினேன்.

அப்படி ஊகித்ததில்தான், வெள்ளிக்கிழமை,
ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஆழம் வைக்கலாமென்று
கண்டுபிடித்தேன்.
எல்லாவற்றுக்கும் ஒன்று தசம் இரண்டு.
புள்ளிக்கு மட்டும் இரண்டு தசம் ஆறு.
ஓர் உயிர்மெய்யிலிருந்து உயிரை எடுப்பதென்றால்
கொஞ்சமாவது அமத்தத்தான் வேண்டும்.

அன்று மூன்று உறுதி, ஒரேயொரு பிழை.
அதுவும் என்னுடையது:
வடக்கையும் தெற்கையும் மாற்றிப்போட்டேன்.

பெனடிக்ற் அண்ணைக்குச் சொன்னேன்:
எடுங்கோ. நாப்பது வேண்டாம், பன்னிரண்டு.
விளக்குக்காக வாங்கிற பொடியள்
பற்றரியோடு திரும்பி வருவாங்கள்.
ரைப் அடிக்கிறவை வரமாட்டினம்,
அவையிட்டைக் காசில்லை.

"உங்களுக்கெண்டால் பன்னிரண்டாயிரம்" என்றார்.
சம்பள நாளை எண்ணிப் பார்த்தேன்.
குமிழைக் கவனமாய் அதன் குழிக்குள் வைத்து
பெட்டியை மூடிக் கொடுத்தேன்.

வைத்த ஆழங்களை
பலகை தனக்குள்ளேயே நினைவில் வைத்திருக்குமாம்.
அழிக்கவில்லை நான்.
இணுவிலிலோ கொக்குவிலிலோ ஒருவன்
பிரித்த பெட்டியென்று குறைத்து வாங்கி
இரவிரவாய்ச் சுடுவான், ஓடுவான், பாய்வான்,
ஒன்றும் தெரியாது.
பிறகு ஒருநாள், ஆருக்கோ
தமிழில் நாலு வரி எழுத இருக்கையில்
சின்னவிரலுக்குக் கீழே
ஒன்று மட்டும் இலேசில் இணங்காது.

பழுதென்பான்.