கீழ்ப்பல்

பெரியகல்லாற்றுத் திரவியமக்கா
மிசின் தலையை மாப்பையில் சுற்றி
மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள்.
இரண்டு டிக்கெட் கேட்டானாம் கொண்டக்டர்.
"கடையில ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?"
என்று என்னையே கேட்டாள்.
இருக்கிறேன், என்றேன்.
என் நகங்களில் கிடந்த கறுப்பைப் பார்த்து
நம்பினாள்.

கல்முனையில் என்னிடம் வரும் மிசின்களுக்கு
நோய் ஒன்றுதான்: தேங்காயெண்ணெய்.
தலைக்கு வைத்தது போக மிச்சத்தை
இதற்கும் வைத்துவிடுகிறார்கள்.
உள்ளே அது பலாப்பாலாய் இறுகி
கைச்சில்லு கல்லாகிக் கிடக்கும்.
மண்ணெண்ணெய் விட்டேன். ஒரு நாள் காத்தேன்.
மறுகாவும் விட்டேன்.
மூன்றாம் நாள், அசருக்குப் பாங்கு சொல்லும்போது
சில்லு ஒரு விரற்கடை அசைந்தது,
படுத்த மாடு காதை அசைப்பதுபோல.

தகட்டைக் கழற்றினால்
பல்லுக்கடியில் அடுக்கடுக்காகப் பஞ்சு.
மேலே பள்ளிக்கூட வெள்ளை,
அதன்கீழ் எவளோ ஒருத்தியின் கூறைச் சிவப்பு,
திரும்ப வெள்ளை, வெள்ளை,
ஆக அடியில்
என்ன நிறமென்று சொல்ல முடியாத ஒன்று.
ஊசியால் கிண்டி எடுத்து ஊதினேன்.
போய்விட்டது.

பல்லில் ஒன்று உடைந்திருந்தது.
இடப்பக்க வரிசை, பின்னாலிருந்து மூன்றாவது.
உடைந்த விளிம்பு மீன்முள்ளாய் நிமிர்ந்து
துணியின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தது,
எத்தனை வருசமோ.
செத்த மிசின் ஒன்றிலிருந்து
நல்ல பல்லாய்க் கழற்றி மாட்டினேன்.
மருதமுனைச் சாரன் துண்டொன்றில் ஓட்டினேன்.
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் தையல்.
எனக்கு என்மேலேயே
விருப்பம் வந்த பின்னேரம் அது.

வியாழக்கிழமை வந்தாள். துண்டைக் கொடுத்தேன்.
எல்லோரும் நல்ல பக்கம் பார்ப்பார்கள்.
அவள் திருப்பிப் பார்த்தாள்.
வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
பேன் பார்க்கிறவள்போல் விரலால் தடவினாள்.
"கீறல் எங்க புள்ள?"

எந்தக் கீறல்?
"தையலுக்குப் பக்கத்தால,
எறும்பு போன தடம் மாதிரி.
என்ட மிசின் தைச்சா இருக்கும்."
அது பழுதக்கா, எடுத்துவிட்டேன் என்றேன்,
பரிசு கொடுப்பவளின் குரலில்.

கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.
"தொண்ணூறாம் ஆண்டு ஒரு சேட்டக் காட்டினாங்க.
கொலரும் இல்ல, நிறமும் இல்ல.
உள்பக்கத்தத் திருப்பிப் பார்த்துத்தான்
ஓம் எண்டு சொன்னன்."

யாருடைய சேட்டு என்று அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
எங்கள் பக்கத்திலும் அந்த வருசத்தை
உள்பக்கமாகத்தான் பேசுவார்கள்.

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.
"இன்னொரு சேட்டு இருக்கு புள்ள.
அதுவும் நான் தைச்சதுதான்.
எப்பயாவது கொண்டுவந்து காட்டினா
ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டு வேணுமே."

பழைய இரும்பு டின்னை நிலத்தில் கொட்டினேன்.
திருகாணி, சுருள்,
உடைந்த ஓடம், ஒரு பிறவுன் பொத்தான்.
பல் மட்டும் நாலு கிடந்தன,
எல்லாம் ஒரே கறள்.
கண்ணுக்குப் பிடிபடவில்லை.
ஒன்று விரலில் குத்தியது.
இதுதான்.

அரத்தை எடுக்கவில்லை.
மண்ணெண்ணெயில் கழுவி
அதன் சொந்தத் திருகாணிகளோடேயே பூட்டினேன்.
ஓட்டினேன். திருப்பினேன்.
தையலோரமாய்ப் போய்க்கொண்டிருந்தது எறும்பு.

பில்லில் எழுதினேன்:
சில்லு இளக்கியது. டென்சன் சுருள் புதிது. எண்ணெய்.
பல், மாற்றவில்லை.

காசை எண்ணிக்கொண்டே கேட்டாள்,
"தேங்காயெண்ணெய் விடப்படாதோ?"
விடவே கூடாது.
"அப்ப சரி."

கீறல் விழுந்த துண்டை
நாலாய் மடித்து பேர்சுக்குள் வைத்தாள்.
என் நல்ல தையல் ஓடிய மற்றத் துண்டை
அவள் தொடவில்லை.
அதில்தான் இப்போது
கை துடைக்கிறேன்.