ஆள் இருந்தால் ஓடும்

கொள்கலனில் வந்ததாம் ரொரன்ரோவிலிருந்து,
பழைய மாணவர் சங்கம் அனுப்பினது.
துணுக்காய் றோட்டில் என் கடை வாசலுக்கு
நாலு பொடியள் தள்ளிக்கொண்டு வந்தபோது
படுத்திருந்த மாடொன்று எழும்பி இடம் கொடுத்தது.

நான் தண்ணிப் பம்பும் லாண்ட்மாஸ்டரும் திருத்துகிறவன்.
புல் வெட்டவென்று ஒரு ரக்ரர்!
புல்லுக்கு எங்களிடம் மாடு இருக்கிறதே என்றேன்.
"பத்தொன்பதாம் திகதி விளையாட்டுப் போட்டி.
மாடு கோடு பார்த்து மேயாது, தம்பி,"
என்றார் அதிபர் இராஜவதனி ரீச்சர்.

பெயர்த் தகடு இருந்த இடத்தில்
இரண்டு றிவிற் ஓட்டை மட்டும்.
மேலே சிவப்பு. சுரண்டினால் பச்சை.
பச்சைக்கும் கீழே, பெற்றித் தட்டின் மூலையில் மட்டும்,
ஒரு மஞ்சள்.
மூன்று பேர் வைத்திருந்திருக்கிறார்கள், அல்லது ஒருவரே
மூன்று முறை மனம் மாறியிருக்கிறார்.

எஞ்சின் மூடிமேல் தாளை வைத்துப்
பென்சிலால் உரசினேன், பிள்ளைகள் காசுக்குச் செய்வதுபோல்.
ஏழு, மூன்று, பிறகு எட்டோ ஆறோ,
பிறகு துரு.
படமெடுத்து அனுப்பினோம். அங்கே அப்போது இரவு.
விடியப் பதில் வந்தது:
"அது செல்வச்சோதி அண்ணையின் பக்கத்து வீட்டு
இத்தாலியன் செத்தாப்பிறகு கிடைச்சது.
மொடல் தெரியாது. நல்ல மனிசன்."

மூடியைக் கழற்றினால் எலிக்கூடு.
எங்கள் எலி இல்லை. வழவழத்த கடதாசி நறுக்குகள்,
ஏதோ கடையின் மலிவு விற்பனை, சிரிக்கிற ஒரு பாதி வாய்.
தண்டு நிமிர்ந்து நிற்கிற எஞ்சின்;
நான் பழகியதெல்லாம் படுத்த தண்டு.
கழுத்தைச் சாய்த்தபடியே மூன்று கிழமை வேலை செய்தேன்.
காபரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல்
விளாம்பிசினாய் இறுகிக் கிடந்தது.
கிளச் கேபிளில் ஒற்றை இழை உருவித் துவாரத்தைக் குத்தினேன்.
பெல்ற், மாங்குளம் அரிசி ஆலையில் கழித்துப்போட்டது,
இரண்டு விரல் நீளம் கூட.
கப்பியை இரண்டு விரல் தள்ளித் துளைத்தேன்.
பெற்றி, ஓட்டோக்கார நிமலரூபனுடையது. பொழுதுபடத் திருப்பவேண்டும்.

பிடித்தது. புகைத்தது. நான் இறங்க, நின்றது.
ஏறினால் பிடிக்கும். இறங்கினால் நிற்கும்.
வயர் வயராய் இரண்டு நாள் தேடி
ஆசனத்துக்குக் கீழே கண்டேன், கட்டைவிரல் அளவில் ஒரு சுவிச்சு.
ஆள் இல்லாவிட்டால் எஞ்சினை அணைப்பது அதன் தொழில்.
வெட்டி நேரே முடிந்துவிடக் குறடும் எடுத்தேன்.
சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிறகு மறந்துபோனேன்.

பதினேழாம் திகதி, மைதானம்.
நிமலரூபன்தான் ஓட்டினான், பெற்றிக்காரன் என்ற உரிமையில்.
நூறு மீற்றர்த் தடம் முடிந்து வளைவில்
அலகு எதிலோ அடித்தது.

யாரும் யோசிக்கவில்லை.
ரீச்சர், நான், சுண்ணாம்பு வாளியோடு நின்ற பியோன்,
வேலியோரம் கச்சான் விற்ற மனிசி,
எல்லோரும் மண்ணில் முகம். பாய்ந்து விழுந்த நிமலரூபனும்.
எஞ்சின் ஆளைக் காணாமல் தானாக நின்றது.
பிள்ளைகள் மட்டும் நின்ற நிலையில்
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்ந்துபோய் அலகுக்கு அடியில் கைவிட்டேன்.
ஒரு சாண் கம்பி, தலை வளைத்தது,
கழுத்தில் நீல நைலோன் முடிச்சு.
மூன்று கிழமை ஒரு மெசினுக்குப் பெயர் தேடியவர்கள்
இதற்கு உடனே சொன்னோம்: தறப்பாள் கம்பி.
எந்த ஆண்டு என்பதில்தான் பிணக்கு.
"தொண்ணூற்றாறு. யாழ்ப்பாணத்துச் சனம்
இந்த வளைவிலதான் இருந்தது," பியோன்.
"எட்டு. மன்னாரிலயிருந்து வந்தது நாங்கள்.
நீலக் கயிறு எங்களுக்குத்தான் தந்தவங்கள்,"
கச்சான் மனிசி கம்பியை வாங்கி
முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்ரை முடிச்சு இல்லை," என்றாள் பிறகு.

அலகை அரத்தில் தீட்டி
மிச்சப் புல்லை மறுநாள் வெட்டினோம்.
சங்கத்துக்குப் பற்றுச்சீட்டு வேண்டுமாம்.
பெல்ற், பிளக், கூலி எழுதினேன்.
இயந்திரத்தின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.
சுவிச்சை வெட்டவில்லை.
அதற்குக் காசும் போடவில்லை.