நூற்றுப் பதினேழு உருப்படிகள்

இரண்டு பக்கம் போதும் என்கிறது குழு.
முப்பத்தொரு வருடம்,
நூற்றுப் பதினேழு கட்டுரை,
இரண்டு பக்கம்.
பெர்கனில் மூன்றாவது வாரமாக மழை
நூலகக் கண்ணாடியில் எதையோ எழுதித்
தானே அழித்துக்கொண்டிருக்கிறது.
நான் எண்ணுகிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.

டாக்டர் டோர்டிஸ் ஹௌக்லான்ட்,
இரத்தக்குழாய் அழற்சி.
அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது
நெற்றிப்பொட்டுத் தமனி பற்றிய கட்டுரை:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு தடவை.
தொடங்கும் பக்கம் 412.
யாரோ ஒருவர் கைதவறி 421 என்று போட்டார்.
பின்னால் வந்த அறுபத்து மூன்று பேரும்
421 என்றே போட்டிருக்கிறார்கள்,
முன்னால் போன ஆடு தாண்டிய இடத்தில்
வேலி இல்லாவிட்டாலும் தாண்டும் ஆடுகளாய்.
கதவையே திறக்காமல்
உள்ளே விருந்து சாப்பிட்டதாகச் சொல்கிறவர்கள்.
அவர்களையும் சேர்த்துக்கொண்டேன்.
மறுப்பதற்கென்றே மேற்கோள் காட்டியவர்களையும்.
கூட்டலில்
வசவும் ஒன்று, வாழ்த்தும் ஒன்று.

ஒரு மருந்து பயன்படவில்லை
என்று ஒரு வருடம் எழுதினார்.
மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின.
நான்காவது, கடைசிப் பக்கங்களில் போட்டது.
பதினொரு மேற்கோள்.
அதைப் படித்துவிட்டு
அந்த மருந்தை எழுதாமல்
பேனாவை மூடிய கைகள் எத்தனையோ,
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

நேற்று அவரே வந்தார்,
மேலங்கியிலிருந்து தரையெல்லாம் சொட்ட.
"எச்-எண் எவ்வளவு, நாற்பத்து நான்கா?"
காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கிற அதே குரல்.
"நாற்பத்து மூன்று."
"இறங்குகிறதா, நல்லது."

ஐம்பத்தெட்டாவது உருப்படியைக் காட்டினேன்.
ஒரே ஒரு நோயாளி, ஒன்றரைப் பக்கம்,
மேற்கோள்: பூச்சியம்.
எடுத்துவிட்டால் பட்டியல் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

அவர் பதில் சொல்லவில்லை.
நான் அதை ஏற்கனவே படித்திருந்தேன்,
நூற்றுப் பதினேழில் முழுக்கப் படித்தது
அது ஒன்றைத்தான்.
ஆண், எழுபத்து நான்கு வயது,
படகில் சீட்டுக் கொடுப்பவர்.
கிறிஸ்துமஸ் இரவு
உப்பிட்டு உலர்த்திய ஆட்டுவிலாவை மெல்ல
நாலு கடிக்கு ஒருமுறை
தாடை நின்று நின்று வலித்தது.
தலை சீவினால் மயிர்க்கால் எரிந்தது.
பொட்டில் ஒரு சென்டிமீட்டர் தமனியை வெட்டிப் பார்த்தார்கள்.
சுத்தமாக இருந்தது.
வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஒன்பதாம் நாள் காலை
இடது கண் விடியவில்லை.

இந்த நோய் குழாய் நெடுகப் பரவுவதில்லை.
ஒரு துண்டில் சீறும்,
அடுத்த துண்டைத் தொடாமல் தாண்டும்,
அப்புறம் மறுபடி சீறும்.
சீவிய சீவலில் இல்லை என்பதால்
ஆளிடம் இல்லை என்றாகாது.
மற்றக் கட்டுரைகளில் எல்லாமே
"செய்யப்பட்டது", "எடுக்கப்பட்டது".
இதில் மட்டும், கடைசி வரிக்கு முந்தைய வரியில்,
"போதாமல் வெட்டியது நான்."

எந்த இதழாசிரியர் அதை விட்டுவைத்தாரோ.

டோர்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதே படகில்தான் பல வருடம் வேலைக்கு வந்தேன்.
இடப்பக்கம் நிற்கிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க
முழுத் தலையையும் திருப்புவார்,
ஆந்தை மாதிரி.
நான் எப்போதும்
வலப்பக்கமே நின்றுகொள்வேன்."
"இப்போது?"
"இப்போது இயந்திரம்."

போகும்போது வாசலில் நின்று,
"அந்த 421..." என்றார்.
அறுபத்து மூன்று பேருக்கும்
யார் கடிதம் எழுதுவது என்றேன்.
சிரித்துவிட்டுக் குடையை விரித்தார்.

எழுத்தின் அளவை
அரைப் புள்ளி குறைத்தேன்.
ஐம்பத்தெட்டு இருக்கிறது.
இரண்டாம் பக்கத்தின் அடியில்
பக்க எண்ணுக்குத்தான் இடமில்லை.